இப்திகார் நட்ட கலியந்திரா

மேடையில் வீற்றிருக்கும் பள்ளிவாசல் தலைவர் அவர்களே, கோயில் தர்மகர்த்தா அவர்களே, மாட்டைக் கறந்த கை காயுமுன் ஓடிவந்திருக்கும் ரத்தோட்டைப் பால் பண்ணையாளர் சங்கத்து உறவுகளே! சங்கச் செயலாளன் நல்லையா உங்கள் முன் நிற்கிறேன். துக்கத்தில் மட்டுமல்ல, ஆத்திரத்திலும்!

மறைந்த நம் கால்நடைப் போதனாசிரியர் மர்ஹூம் இப்திகார் அவர்களை வெட்டினானே! அவரே நட்ட தழைப் பாத்திக்குள் வைத்து, கழுத்திலும் தோளிலும் மாறி மாறி வெட்டினானே! வெட்டியவன் வேற்றூரானா? இல்லை. நம் சங்கத்துக்காரன்! ஈற்றின்போது இப்திகார் கைகொடுத்து இழுத்த கன்றை வளர்த்தவன்!

எதற்காக? கலியந்திரா இலைக்காக! மழைக்கு முளைத்த இளம் பயற்றுத் தழையை மேய்ந்து நம் மாடுகள் வயிறு உப்பிச் செத்தபோது, அந்தச் செடியைக் கொண்டுவந்தவர் அவர். அதன் துவர்ப்பு வயிற்றில் நுரை கட்டவிடாது, புரதம் வீணாகாமல் காக்கும், குடற்பூச்சியைக் குறைக்கும். பால் கூடியதா இல்லையா, சொல்லுங்கள்! ஆனால் துவர்ப்பு மிஞ்சினால் வயிறு கட்டிப்போகும். அதற்காகத்தானே கொட்டில் கொட்டிலாக ஏறி இறங்கித் தொண்டை கட்டக் கத்தினார்? "நல்லையாண்ணே, மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு இலைதான். மிளகுக்கொடி ஏத்துற கிளிரிசிடியாவ வாட்டிப் போடுற மாதிரி இத வாட்டிராதீங்க. பச்சையாவே போடுங்க!"

அவன் கேட்டானா? கிளிரிசிடியா பழக்கத்தில் வெயிலில் வாட்டினான். புல் வெட்டச் சோம்பி வெறும் இலையையே கொட்டினான். பசு தீனியை விட்டது, சாணி இறுகியது, பால் வற்றியது, கடைசியில் செத்தும் போனது. "நஞ்சக் குடுத்திட்டியேடா!" என்று கத்தியோடு வந்து செடிகளைச் சாய்த்தான். தடுக்க ஓடிய மனிதரையும் சாய்த்தான்! அந்தக் கட்டைகளில் இரத்தம் கறுத்துக் காய்ந்திருக்கிறதே, பார்த்தீர்களா?

வாசலில் நிற்கும் தம்பிமாரே, உங்கள் இடுப்பில் கத்தி இருப்பது எனக்குத் தெரியும். "அவனப் பொலிஸ் புடிச்சு வச்சிருக்கு, கொட்டிலயாவது எரிச்சிருவோம்" என்று நீங்கள் பேசியதும் கேட்டது. உண்மையைச் சொல்கிறேன், இன்று காலை மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்து வைத்தவன் நான்தான்!

அப்போதுதான் இப்திகாரின் மனைவியுடைய தம்பி ஸுஹைல் வந்தார். கணவருக்காக வெளியே வராமல் இத்தா இருக்கும் தன் ராத்தா றுக்ஸானா சொல்லியனுப்பியதைச் சொன்னார்: "அந்த வீட்டு மாடுக கத்துறது இங்க வரைக்கும் கேக்குது. அவனப் புடிச்சிட்டுப் போனதுலருந்து யாரும் தீனி போடல்லயாம். எங்கட இவங்க உசிரோட இருந்தா இந்நேரம் போயிருப்பாங்க. சங்கத்துல ஒருத்தருமே போக மாட்டீங்களா?"

அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? போத்தலைக் கீழே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். என் கோபம் ஆறவில்லை, ஆறாது! வழக்கு முடியும்வரை நீதிமன்ற வாசலில் நான் நிற்பேன். வெட்டுண்ட கலியந்திரா துளிர்க்கும். துளிர்க்காத இடத்தில் நாம் நடுவோம். இது சங்கத்தின் சத்தியம்.

கத்தி கொண்டுவந்த தம்பிமாரே, மாலைக் கறவைக்கு முன் என்னோடு வாருங்கள், அதற்கு வேலை இருக்கிறது. இப்திகாரின் பாத்தியில் தப்பி நிற்கும் செடிகளில் நாம் அறுக்கும் முதல் கட்டு, அவரைக் கொன்றவனின் கொட்டிலுக்குப் போகிறது. மூன்று பங்கு புல்லோடு. பச்சையாக.