நடுவில் ஒரு முழம்

நெல்லை ஜோடி நடனக் கழகத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் குமரகுருபரன் அண்ணாச்சி அவர்களே! மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! பின்னால் நின்று விசிலடிக்கும் வீரர்களே! பயிற்சியாளர் வினோலியாவின் வணக்கம்.

கப்பலில் எட்டு வருடம் வேலை பார்த்தபோது வால்ஸ் என்ற மேல்நாட்டு ஜோடி நடனத்தைக் கற்றவள் நான். ஜோடி வலது விலா ஒட்டி நிற்க வேண்டும். அவள் கால் விலகிய இடத்தில் அவன் கால் வர வேண்டும். உடம்பு சொல்ல உடம்பு கேட்கும். தரையைப் பார்க்க வேண்டியதில்லை.

நம் கழகம் என்ன செய்தது? தீர்மானம் போட்டது! ஜோடிக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி! என்ன, யார் அளந்தது என்கிறீர்களா? அண்ணாச்சிதான்! வேட்டியை மடித்துக் கட்டி, ஜவுளிக்கடை அளவுகோலோடு ஜோடி ஜோடியாக அளந்தார்கள்.

முழம் தள்ளி நின்றால் ஆண் என்ன செய்வான்? எட்டிப் பிடிப்பான். எட்டிப் பிடித்தால்? குனிவான். குனிந்தால்? இடுப்பு பின்னே போகும், கண் கீழே போகும், கால் கண்ட இடத்துக்குப் போகும்! கங்கைகொண்டான் ஆலையில் வேலை பார்க்கும் ஜெனிஸ்டனின் கால், மனைவி அஞ்சலினின் சுண்டுவிரலில் விழுந்தது. நகம் போயிற்று. மாநிலப் போட்டிக்கு நாம் தேர்ந்தெடுத்த ஒரே ஜோடி ஐயா அது!

"ஏலே, எருமமாடு கணக்கா மிதிக்கியே!" என்று அண்ணாச்சி ஜெனிஸ்டனைத்தான் ஏசினார்கள். அளவுகோலை ஏசவில்லை. "பொம்பளைக்கு மானம் முக்கியம்வே" என்றும் சொன்னார்கள். நகம் முக்கியமில்லை போலும்!

அண்ணாச்சி டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில் இருவரையும் ஒட்டி நிற்கவைத்தேன். கட்டுப் போட்ட காலோடு அரங்கை முழுச் சுற்றுச் சுற்றினாள் அஞ்சலின். ஒரு மிதி இல்லை! நின்றதும் அழுதாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லக்கா. கல்யாணமாகிப் பதினோரு வருசம். கோயிலுக்குப் போனாலும் இவுக பத்தடி முன்னாலதான் போவாக. நான் எங்கன கால் வைக்கேன்னு இன்னைக்குத்தான் இவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு."

கேட்டீர்களா, மீசை முறுக்கும் மாவீரர்களே? தெருவில் பத்தடி தள்ளி நடந்தால் பண்பாடு. மேடையில் ஒட்டி நடந்தால் மானக்கேடா? கட்டிய மனைவி பக்கத்தில் நிற்கவும் கமிட்டி கூட வேண்டுமா?

போட்டி விண்ணப்பம் இதோ. இன்று அண்ணாச்சி கையெழுத்துப் போடவில்லையென்றால் இவர்கள் போக முடியாது. முழம் குறையக் கூடாதா? சரி, கீழே இறங்கி வாருங்கள் அண்ணாச்சி! உங்கள் மனைவி, எங்கள் மதினி, இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். ஒரு முழம் தள்ளி நின்று நீங்களே ஆடிக் காட்டுங்கள்!

அங்கே என்ன சிரிப்பு? அட! மதினி இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டுவிட்டார்கள்!

இந்தாருங்கள் பேனா, அண்ணாச்சி. பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும், இதுவரை மிதிபட்ட பாதங்கள் அத்தனைக்கும், என் நன்றியும் வணக்கமும்!