அப்பா வாயில் வராத வார்த்தை

— நில்லு டேல். உள்ளே போறதுக்கு முன்னாடி எனக்குப் பதில் சொல்லு.

— என்ன மார்லிஸ், ஆஸ்பத்திரி வராந்தாவுல விசாரணையா? அப்பாவைப் பார்த்துட்டு வரேன்.

— கையில கட்டுப் போட்டுட்டு இருக்காங்க. குளிர்ல விறைச்சுப்போன மூணு விரல் தப்பாதாம். பக்கத்துப் பண்ணைக்காரர் ஆர்வில் மட்டும் காலையில போய்க் கதவைத் தட்டலைன்னா ஆளே இல்ல.

— ராத்திரியில வீட்டு ஹீட்டர் நின்னுபோனா நான் என்ன பண்ணுவேன்?

— நேத்து ராத்திரி மினியாபொலிஸ்லேருந்து உனக்குப் போன் பண்ணேன். 'இப்பத்தான் அப்பாகிட்ட பேசினேன், நல்லாத்தான் இருக்கார்'னே. உன்னை நம்பிப் படுத்துத் தூங்கினேன் பாரு, என்னைச் சொல்லணும். அவர் என்ன சொன்னார்? அந்த வார்த்தையை அப்படியே சொல்லு.

— வார்த்தையென்ன பெரிய வார்த்தை... வீடு கொஞ்சம் 'நிப்பி'யா இருக்குன்னார், லேசா சிலுசிலுன்னு.

— பொய். மைனஸ் முப்பது டிகிரியில உறைஞ்ச ஏரி வெடிக்கிற சத்தம் கேக்குமே, அதுதான் அவருக்கு 'நிப்பி'. அதுக்கு இன்னொரு சட்டை மாட்டிக்குவாரே தவிர, போனைத் தொட மாட்டார்.

— இந்த ஊர்ல எல்லாரும் அப்படிக் கொறைச்சுத்தானே பேசறோம்.

— அம்மா போனப்ப மண்ணு இரும்பா இறுகிக் கெடந்துச்சு. குழி வெட்ட முடியாம ஏப்ரல் வரைக்கும் சவப்பெட்டியைக் காக்க வெச்சோம். அன்னிக்குக்கூட 'கொஞ்சம் பிரிஸ்க்கா இருக்கு', காத்து ஜில்லுன்னு இருக்குன்னு மட்டும் சொன்ன மனுஷன்டா அவர். சொல்லு.

— 'கோல்ட்'னார். குளிருதுன்னு.

— என்னது?

— 'கோல்டா இருக்கு, டேல்'னார். போதுமா?

— அடப்பாவி! நாம பொறந்ததுலேருந்து அவர் வாயில அந்த வார்த்தை வந்ததில்லையேடா!

— எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சுமா போகல? வண்டியில போனா பத்து நிமிஷம்!

— சாவியைக் கையில எடுத்துட்டேன், சத்தியமா. பூட்ஸ்கூட மாட்டிட்டேன். அப்புறம் என்னமோ, உட்கார்ந்துட்டேன். கொட்டகைக்குக் கூரை போட்டப்ப, அவர் கால் உடைஞ்சப்ப, அம்மா போனப்ப... ஒரு தடவையாவது 'நீ வேணும்டா'ன்னு சொல்லியிருப்பாரா? நான் போய் நிப்பேன். 'நானே பார்த்துக்கறேன், நீ கெளம்பு'ம்பார்.

— அதனால?

— இன்னொரு தடவை கேக்கட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதான்.

— உள்ளே என்ன சொல்லிட்டு இருக்கார் தெரியுமா? 'நான் யாரையும் கூப்பிடல, பையனுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு நர்ஸ்கிட்ட சொல்றார். உன்னை அவர் காட்டிக் கொடுக்கலடா.

— மார்லிஸ்...

— அழாதே. உன் அழுகையைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. ஒரு தடவை கேக்கறதே அவருக்கு மலையைப் பெரட்டற மாதிரி. ரெண்டாவது தடவை எப்படிடா கூப்பிடுவார்?

— கூப்பிட்டார். 'தயவுசெஞ்சு'ன்னும் சொன்னார்.