தறி ஓடுது என்று நம்பி நடந்தோம்

ஓடுகிறேன். மக்காச்சோளக் காடு. தோகை முகத்தைக் கீறுகிறது. பின்னால் இசக்கிமுத்து கத்துகிறான்.

"குனி வே! தலையக் குனி!"

டட்டட்டட். நிற்கிறது. மறுபடி டட்டட்டட். அதற்குப் பிறகு அவன் கத்தவில்லை.

இடம் குவாத்தமாலா. ஹுவேஹுவேதெனாங்கோ என்ற மலைநகரத்துக்கு மேற்கே, மெக்சிகோ எல்லைக்குப் போகும் பாதை. அங்கே விடிகாலை. எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் அப்போது சாயங்காலம், ஆடித்தபசுக் காட்சிக்குக் கூட்டம் நெருக்கும் நேரம். அந்தப் பாதை யாருக்கு என்று இரண்டு கடத்தல் கும்பல்கள் சண்டை போட்டன. ஊர் ஊராக ஜனங்கள் காலி செய்துவிட்டார்கள். எங்களுக்கு அது தெரியாது. அனுப்பியவனுக்குத் தெரியும்.

அனுப்பியவன் என் தங்கை புருஷன். நானும் இசக்கியும் ஒரே ஷெட்டில் விசைத்தறி ஓட்டியவர்கள். அந்த மலைநகரத்தில் புது ஷெட்டு, தறி ஓட்ட ஆள் வேண்டும் என்றான். கூடப்பிறந்தவளைக் கட்டியவன் சொன்னால் யார் விசாரிப்பார்கள்? நான் விசாரிக்கவில்லை. இசக்கி என்னை நம்பி வந்தான்.

அங்கே எங்களை ஏற்றி வந்த சரக்கு லாரியின் டிரைவர் பாதி மலையில் இறக்கிவிட்டான். முன்னால் நடக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். லாரி பின்தங்கியது. மேட்டுக்கு அப்பால் சத்தம். சீரான, விடாத சத்தம். இசக்கிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கேக்கா வே? தறி ஓடுது."

சின்ன வயதிலிருந்து தறிச் சத்தத்திலேயே கிடந்தவர்கள். துப்பாக்கிச் சத்தம் எங்களுக்குத் தெரியாது. வேறு எவனாவது திரும்பி ஓடியிருப்பான். நாங்கள் சத்தத்தைப் பார்த்து எட்டி நடந்தோம்.

சோளக்காட்டைத் தாண்டியதும், ஊரைக் காலி செய்யாமல் இருந்த ஒரு அம்மா என்னைத் தன் வீட்டுக்குள் இழுத்துப் போட்டாள். இடுப்பில் வார் கட்டிப் பாவு நூலை இழுத்து நெய்கிறவள். அந்த ஊரில் இருந்த தறி அது ஒன்றுதான். அங்கிருந்து ஊருக்குப் போன் போட்டேன்.

"இசக்கியச் சுட்டுட்டானுவ, மாப்ள."

தங்கை புருஷன் கேட்டான்.

"லாரி தப்பிச்சிருச்சா, மச்சான்?"

அப்போதுதான் விளங்கியது. பாதையில் ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க எங்களை முன்னால் விட்டிருக்கிறார்கள். அதற்குத்தான் அந்தப் பாவி ஆள் பிடித்தான்.

எப்படியோ ஊர் வந்து சேர்ந்தேன். போலீசுக்குக் கிளம்பினேன். தங்கை வாசலை மறித்தாள்.

"அண்ணே, எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு. நீ அங்கன போகவே இல்லன்னு சொல்லிரு."

நான் போலீசில் நடந்ததைச் சொன்னேன்.

இழந்தது இவ்வளவு. இசக்கிமுத்து, ஒரு உயிர். அவன் உடம்பும் வரவில்லை. கொள்ளி வைக்க அவன் அப்பாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என் தங்கை, ஒருத்தி. அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறாள்.