சிவப்புத் துணி வரைக்கும்

டீயில் சர்க்கரை கொஞ்சம் கம்மியாகத்தான் இருக்கும் தாயி. இந்த வெயிலுக்கு அதுதான் நல்லது. அந்தத் தூணில் சாய்ந்து உட்காருங்கள், அங்கேதான் காற்று வரும். ஆத்தூரைத் தாண்டி இம்புட்டு தூரம் ஸ்கூட்டியில் வந்திருக்கிறீர்கள், முகமெல்லாம் புழுதி. எஸ்.ஐ. என்றால் ஜீப் தரமாட்டார்களா?

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பள்ளம் இருக்கிற இடத்தில் சிவப்புத் துணி கட்டிக் கம்பு நட்டிருந்தோம் என்று அணை ஆபீஸ்காரர்கள் சொல்கிறார்கள். தூண்டில் போட வருகிறவர்களோ, அந்தத் துணி பாஸ் எல்லைக்குக் கட்டியது என்கிறார்கள். அவர்களுக்கு அப்படிச் சொன்னது யார்?

நான்தான். போன் போட்டிருந்தாலே சொல்லியிருப்பேன்.

உங்களுக்குத் தூண்டில் பழக்கம் இருக்காது, அதனால் சொல்கிறேன். இங்கே பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்க இரண்டு பாஸ் வேண்டும். மீன், மீன் ஆபீசுக்குச் சொந்தம். தண்ணீர், அணை ஆபீசுக்குச் சொந்தம். கரையில் நின்று தூண்டில் போட்டால் மீன் ஆபீஸ் பாஸ் போதும். தண்ணீருக்குள் இறங்கினால் அணை ஆபீஸ் பாஸும் வேண்டும். சரி, கரை எங்கே முடிகிறது? கோடையில் தண்ணீர் பின்னால் போய்க்கொண்டே இருக்கும், கரையும் கூடவே போகும். இந்த ஆபீசில் கேட்டால் அந்த ஆபீசைக் கை காட்டுவார்கள். அங்கே போனால் இங்கே.

பேகம்பூர் அப்துல் வாஹித் பாய் ஒரு தடவை இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார், "ஏம்மா, நான் நிக்கிறது கரையில. தூண்டில் முள்ளு கெடக்குறது தண்ணியில. நான் எந்த ஆபீஸ் ஆளு?"

பக்கத்தில் இருந்த அந்தோணிராஜ் விடவில்லை. "மீன் கடிச்சா மீன் ஆபீசு பாய். கொசு கடிச்சா அணை ஆபீசு."

எல்லோரும் சிரித்தோம். அந்தோணிராஜ் அப்படித்தான், திண்டுக்கல்லில் பேட்டரி கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார்.

போன கோடையில் வயலுக்கு வண்டல் அள்ள ஜேசிபி வந்தது. அது தோண்டிப் போட்ட பள்ளத்தில் தண்ணீர் ஏறிக் கசமாகிவிட்டது. மேலே பார்த்தால் முழங்கால் அளவு போலத்தான் தெரியும். இறங்கினால் ஆளை முழுங்கும், அடியெல்லாம் சேறு. அதற்குத்தான் துணி கட்டினார்கள். முதலில் நானும் உள்ளதைத்தான் சொன்னேன், அங்கே கசம் இருக்கிறது, போகாதீர்கள் என்று. டவுன் பையன்கள் கேட்பார்களா? எம்புட்டு ஆழம் என்று தூண்டில் கம்பை விட்டு அளக்கப் போனார்கள். அடுத்த வாரம் வந்தவர்களிடம் மாற்றிச் சொன்னேன். "சிவப்புத் துணி வரைக்கும் மீன் ஆபீசு. தாண்டுனா அணை ஆபீசு, பாஸ் இல்லாட்டி தூண்டிலப் பிடுங்கிட்டுப் போயிருவாக." அதற்கப்புறம் ஒருத்தரும் தாண்டவில்லை. உயிருக்குப் பயப்படாதவன் தூண்டிலுக்குப் பயந்தான்.

அந்தப் பொய் எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று எந்த ஆபீசும் எழுதி வைக்காது.

அதிலிருந்து எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். திண்டுக்கல்லிலிருந்து கிளம்பும்போதே போன் வரும், அம்மா எந்தப் பாஸ் வாங்கணும், எங்கே நிற்கணும் என்று. நானே இரண்டு ஆபீஸ் படியும் ஏறி வாங்கி வைப்பேன். வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை தாயி. என்ன வெஞ்சனம் வைக்கட்டும் என்றுகூட மருமகள் கேட்கமாட்டாள். நல்ல பிள்ளைதான், குறை சொல்லவில்லை.

நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு படி ஏறுவதை அந்தோணிராஜ் ஒருநாள் பார்த்துவிட்டார். அடுத்த ஞாயிறு வலிக்குத் தைலம் கொண்டுவந்தார். அதோடு விட்டிருக்கலாம். மனுப் போட்டார், கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார், இரண்டு ஆபீசையும் ஒரே மேசையில் உட்கார வைத்து ஒரே பாஸ் என்று உத்தரவு வாங்கிவிட்டார்.

முதல் பாஸோடு அவர்தான் வந்தார். காலை வெயில் ஏறவில்லை, வேறு ஆள் இல்லை. "பொன்னழகக்கா, இனிமே நீங்க ஒரு படியும் ஏற வேணாம். உங்களுக்காகத்தேன் இம்புட்டு அலைச்சல். அந்த எல்லைக் கம்புல இனி துணி காயப் போடுங்க."

சிரித்தார். நானும் சிரித்தேன். இனி இங்கே வருகிறவர்களுக்கு டீ மட்டும்தான் வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார். "அப்ப நான் துணியத் தாண்டிப் போகலாம்லக்கா?"

"இனி உங்கள யாரு தம்பி கேக்கப் போறா," என்றேன்.

அதில் ஒரு சொல் பொய் இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

"அக்கா" என்று கசத்திலிருந்து முதலில் கூப்பிட்டபோது பாலை இறக்கி வைத்தேன். பொங்கிவிடும் இல்லையா. வாளிக்கயிறு எங்கே போய்விடும், நீங்கள் சாய்ந்திருக்கிற அந்தத் தூணில்தான் எப்போதும் தொங்கும். நல்ல நீளம். வீசினால் எட்டியிருக்கும். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது கயிற்றுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கேட்டுக்கொண்டு நின்றேன் தாயி. அவ்வளவு வேண்டி என்னை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும், வீசலாம் என்று இருந்தேன். அவர் கூப்பிடவில்லை.

தண்ணீர் அடங்கினதும் மீன் ஆபீசுக்குப் போன் போட்டேன். தண்ணீரில் விழுந்தால் அணை ஆபீசைக் கேளுங்கள் என்றார்கள். இது எனக்குத் தெரிந்ததுதானே.

இப்போது ஒரே பாஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள், மறுபடி இரண்டுதான். நேற்றே போன்கள் வர ஆரம்பித்துவிட்டன. வாஹித் பாய்கூடக் கேட்டார், பாவம். துணி வரைக்கும்தானே அம்மா என்றார். துணி வரைக்கும்தான் என்றேன்.

சொன்னது அத்தனையும் எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுவேன். அடுப்பை அணைத்துவிட்டு வாரேன், செத்த நேரம் இருங்கள். ஒன்று மட்டும் தாயி, ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னை விட்டுவிடச் சொல்லுங்கள். கரையில் நான் இல்லாவிட்டால் யாராவது விழுந்துவிடுவார்கள்.