ஞாயிற்றுக்கிழமை ஏறாத ஏரி

“ஞாயித்துக்கிழமையில ஏரி ஏறாதுன்னு கம்ப்யூட்டர் நம்புதுண்ணா.”

ஆவடி போகும் பேருந்தில், மூன்று பேர் இருக்கையின் ஜன்னலோரத்துப் பெண் இப்படிச் சொன்னாள். ஏரியின் நீர்மட்டக் கணக்கைக் கணினியில் அப்போதைக்கப்போது ஓட்டிப் பார்த்து, நாளை எவ்வளவு ஏறும் என்று சொல்வது அவள் வேலை. நடுவில் இருந்தவருக்கு ஏரிக்கரையில் வீடு. கண்ணாடியில் மழைநீர் வழிய, கடைகளும் மரங்களும் மிதந்து போயின.

“ஏரிக்கு லீவு உட்டுட்டாங்களா? இன்னாமா சொல்ற?”

“தினம் ஏரி மட்டம் எழுதின பழைய ஏட்டை வெச்சுத்தான் அதுக்குக் கத்துக்குடுத்தோம். எவ்வளவு மழை பெஞ்சாலும் அதுல சனி அளவும் ஞாயிறு அளவும் ஒண்ணாவே இருக்கு.”

“நாளைக்கு ஞாயிறாச்சே. இப்ப நான் ஊட்டக் காலி பண்ணணுமா, வேணாமா?”

“வேணாம்னு அது சொல்லுது. எனக்குத்தான் பயமா இருக்கு. எழுதினவர் கிடைச்சா, நேர்ல பாத்துதான் எழுதினீங்களான்னு கேட்டுருவேன்.”

“அந்தாளு எங்க கீறாரோ.”

அவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஏட்டை எழுதியவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குப் போனதே இல்லை. வீட்டிலிருந்தபடியே சனிக்கிழமை அளவைத் திரும்ப எழுதினேன். ஏரி எங்கே போய்விடும் என்று நினைத்தேன்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“பசங்கள மச்சினன் ஊட்ல உட்டுர்றேன். கம்ப்யூட்டரே சொல்லுதில்ல, நான் மட்டும் ஏரிக்கரை ஊட்லயே இருந்து பாக்குறேன்,” என்று அவர் எழுந்தார்.

காலை மடக்கி வழிவிட்டேன்.

“டாங்ஸ் பெரியவரே,” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.