மூடியில் எழுதிய பெயர்

மேடையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த அம்மையாரின் அருமை மகளே, ஆய்வகத்திலிருந்தும் பசுமைக்குடிலிலிருந்தும் கைவேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நான் இத்துறையின் ஆவணப் பதிவாளர். நியமன ஆணையில் எனக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் இந்தக் கட்டடத்தின் மூன்று மாடிகளிலும் நான் 'மூணு கையெழுத்து' என்றே அறியப்படுகிறேன். மூன்று கையெழுத்து இல்லாமல் ஒரு விதைப் பொட்டலத்தைக்கூட அறையைவிட்டு வெளியே விடாதவன் என்பதால் வந்த பெயர் அது. அதைச் சூட்டியவர் வேறு யாருமல்லர். இன்று நாம் யாருக்காகக் கூடியிருக்கிறோமோ, அவரேதான். முதுநிலை ஆய்வாளர், முனைவர், நம் எல்லாருக்கும் வெங்காயம்மா! அவரைப் போற்றவே எழுந்திருக்கிறேன். அதோடு அவருக்குச் செலுத்தத் தவறிய ஒரு கடமையைச் சொல்லவும் எழுந்திருக்கிறேன். இந்த நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்தவன் நான். எனக்கு நானே ஏழு நிமிடம் ஒதுக்கிக்கொண்டேன். அதை மீறுவேன் என்றே தோன்றுகிறது.

ஏன் வெங்காயம்மா? இங்கே பார்வையிட யார் வந்தாலும், பள்ளிப் பிள்ளையானாலும் அமைச்சரானாலும், அவர் தம் பையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து அவர்கள் உள்ளங்கையில் வைப்பார். "இதுக்குள்ள இருக்கற மரபெழுத்து உங்களுக்குள்ள இருக்கறதைவிட அஞ்சு மடங்கு. இனிமே யாராவது 'போடா வெங்காயம்'னு திட்டினா கோவிச்சுக்காதீங்க. உங்களைத் தூக்கி வச்சுப் பேசறாங்கன்னு எடுத்துக்குங்க" என்பார். ஒரு பெரிய அதிகாரி மட்டும் விடவில்லை. "உரிக்க உரிக்க உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா?" என்றார். "மனுஷனை உரிச்சாலும் அதே கதைதான் சார். வெங்காயத்தை உரிச்சா உரிக்கிறவனாவது அழுவான்" என்றார் இவர். அந்த அதிகாரி சிரித்த சிரிப்பு மாடிப்படிவரை கேட்டது!

ஆனால் தோழர்களே, அது வெறும் வேடிக்கையா? அந்த ஒரு வெங்காயத்தில்தான் அவருடைய இருபத்தாறு ஆண்டு உழைப்பும் அடங்கியிருந்தது. உயிர் பெரிதாக இருந்தால் அதன் மரபணுத்தொகுதியும் பெரிதாக இருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். இயற்கை அப்படி நினைக்கவில்லை! சேற்றில் மூச்சுவிடும் நுரையீரல் மீனிடம் நம்மைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. முள்ளை உப்பிக்காட்டும் பேத்தை மீனிடம் நம்மில் எட்டில் ஒரு பங்கே இருக்கிறது. சாண் உயரம் வளரும் ஒரு பெரணி நம்மைப்போல் ஐம்பது மடங்கு வைத்துக்கொண்டு ஒன்றும் அறியாததுபோல் நிற்கிறது. ஏன் இப்படி? எவ்வளவு வேறுபாடு? யாரோ சொல்லக் கேட்டுத் திருப்தி அடையும் பெண்மணியா அவர்? தாமே அளந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு செடிகளை அளந்தார்.

எப்படி அளந்தார் என்பதை இங்கே நான் சொல்லியாக வேண்டும். அளவு தெரியாத செடியின் இலையையும், அளவு தெரிந்த செடியின் இலையையும் ஒரே தட்டில் வைத்துப் பிளேடால் நறுக்க வேண்டும். சாயம் ஏற்றி, கருவிக்குள் அனுப்பினால் திரையில் இரண்டு முகடுகள் எழும். ஒன்று மற்றதைப்போல் எத்தனை மடங்கு என்பது மட்டுமே அந்தக் கருவிக்குத் தெரியும். வேறெதுவும் தெரியாது. அளவு தெரிந்த அந்தச் செடிக்கு நம் ஆய்வகத்தில் 'எடைக்கல்' என்று பெயர். "தராசு பொய் சொல்லாது பதிவாளரே. எடைக்கல் பொய் சொன்னா தராசு என்ன பண்ணும், பாவம்" என்பார்.

நம் எடைக்கல் ஒரு மக்காச்சோளம். விதை அலமாரியின் நான்காம் தட்டில், ஒரு கண்ணாடி ஜாடியில் இருந்தது. அதற்குப் பக்கத்து ஜாடியில் இன்னொரு வகை மக்காச்சோளம் இருந்தது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், பூஞ்சைத் தடுப்பு ஆய்வுக்குக் குழு வருகிறது என்று சுற்றறிக்கை வந்தது. எல்லா மூடிகளையும் கழுவ வேண்டும் என்பது விதி. நானே நின்று மேற்பார்த்தேன். கண்ணாடிக்கலன் கழுவும் பிரிவின் அம்மையார் அப்போதே கேட்டார்: "சார், பேரெல்லாம் மூடியில ஒட்டியிருக்கே. எல்லாத்தையும் ஒரே தொட்டியில போட்டா எது எதுக்குன்னு எப்படித் தெரியும்?" நான் என்ன சொன்னேன்? "வரிசையாத்தானே எடுக்கறோம், வரிசையா வச்சாப் போச்சு" என்றேன். அவர் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். பொய்யென்றால் எழுந்து சொல்லட்டும்! மூடிகளைத் திரும்பப் பொருத்தியது அவர் அல்லர். நான். இந்தக் கைகள்.

நான்கு மாதங்களுக்கு முன் விதை வங்கியிலிருந்து அதே எடைக்கல் வகை புதிதாக வந்தது. பழையதையும் புதியதையும் சேர்த்து நறுக்கிப் பார்த்தார். ஒரே வகையென்றால் ஒரே முகடு எழ வேண்டும். இரண்டு எழுந்தன. மறுபடியும் நறுக்கினார். மறுபடியும் இரண்டு. விரலெல்லாம் இலைச்சாறோடு என் அறைக்கு வந்தார்.

"பதிவாளரே, நம்ம ஜாடியை எப்பவாவது கழுவினீங்களா?"

"ஜாடியைக் கழுவலம்மா. மூடியை மட்டும்தான். விதிப்படி."

"பேரு எதுல ஒட்டியிருந்துச்சு?"

மேசைமேல் இருந்த கோப்புகளை நேராக அடுக்கினேன்.

"சொல்லுங்க. ஜாடியிலயா, மூடியிலயா?"

"மூடியிலம்மா."

நாற்காலியில் அமர்ந்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். சிரித்தார்! "ஒன்பது வருஷமா அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போட்டிருக்கேன். அதுவும் வாயே திறக்காம சாப்பிட்டிருக்கு பாருங்க" என்றார். அடுத்த நொடியே எழுந்துவிட்டார். "ஆனா கவனிச்சீங்களா? ரெண்டும் மக்காச்சோளம். ரெண்டுக்கும் நடுவுல நூத்துக்கு எட்டு வித்தியாசம்! ஒரே இனத்துக்குள்ளயே இவ்வளவு!" தம் உழைப்பு சரிந்து கிடக்கும்போதும் அந்தச் சரிவுக்குள் ஒரு புதுச் செய்தியைக் கண்டு மகிழ்ந்த மனம் அது. எல்லாச் சோளமும் ஒன்றுபோல் இருந்திருந்தால் என் பிழை பிழையாகவே ஆகியிருக்காது. உயிர் அப்படிப்பட்டதன்று. அதைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தார்.

முந்நூற்றுப் பன்னிரண்டில் நூற்றுப் பதினேழு செடிகளை அந்த எடைக்கல்லால் அளந்திருந்தார். அத்தனையும் குறைவாக விழுந்திருந்தன. ஒரு பெருக்கல் போட்டால் தீர்ந்தது என்று சிலர் சொன்னார்கள். "பெருக்கினா கணக்கு நேராகும், அளந்ததா ஆகுமா? அந்த ஜாடியில எப்ப எது கலந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, நோயோடு, பிளேடைக் கையில் எடுத்தார். அறுபத்துநான்கு செடிகளை மறுபடி அளந்து முடித்தார். ஐம்பத்துமூன்று மிஞ்சியிருக்கின்றன.

திருத்தப் படிவத்தையும் எழுதினார். முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவது தலைவருடையது. நாற்பத்தொரு நாட்களுக்கு முன் அது என் மேசைக்கு வந்தது. 'பிழைக்குக் காரணம்' என்ற கட்டத்தில், "என் கவனக்குறைவு" என்று எழுதியிருந்தார்.

"என்னம்மா எழுதியிருக்கீங்க?" என்றேன்.

"ஏன், என் கையெழுத்து புரியலையா?"

"இது உண்மை இல்லையேம்மா."

"எடைக்கல்லை வருஷா வருஷம் சரிபார்க்கணும். நான் பார்க்கல. அது உண்மைதானே? எனக்கு இன்னும் எத்தனை மாசம்? உங்களுக்குப் பத்து வருஷ சர்வீஸ் கிடக்கு. வாயை மூடிக்கிட்டு மூணாவது கையெழுத்தைப் போடுங்க."

நான் கையெழுத்துப் போடவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. பொய்யென்று அறிந்த கூற்றின்கீழ் பதிவாளர் ஒப்பமிடக் கூடாது என்பது விதி பதினான்கு. அதைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் அதே விதியின் இரண்டாம் வாக்கியம் என்ன சொல்கிறது? மறுப்பை ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்கிறது! அந்த வாக்கியத்தை நான் படிக்கவில்லையா? அந்த விதிப்புத்தகத்தைத் தொகுத்தவனே நான்தானே!

இருபத்தேழாம் நாள் மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் கேட்டார். "போட்டாச்சா?" "நாளைக்கும்மா" என்றேன். "உங்க நாளைக்கு, என் வெங்காயத்தைவிட நீளமா இருக்கும்போலிருக்கே" என்றார். நான்கு நாளில் போய்விட்டார்.

இதோ இந்த மேசையில் நினைவு மலரின் மாதிரிப் பிரதி இருக்கிறது. நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. திருத்தத்தில் மூன்றாம் கையெழுத்து இல்லாததால் அவருடைய அளவுகளின் பழைய அட்டவணையே உள்ளே இருக்கிறது. தலைவர் மீது குற்றமில்லை. அவருக்கு இந்த மூடிக் கதை இப்போதுதான் தெரியும். சென்ற வாரம் வெங்காயம்மாவின் மகள் என்னிடம் சொன்னார்: "திருத்தமெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார். அம்மா பேரு கெட்டுடக் கூடாது. மலர் முதல்ல வந்துடட்டும்." அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த அட்டையைப் பாருங்கள். வெளியே பொன்னெழுத்தில் உங்கள் தாயாரின் பெயர். உள்ளே நான் மூடி மாற்றிவைத்த எடைக்கல் அளந்த எண்கள். பெயர் மூடியில், பண்டம் வேறு! ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்ததையே இன்று நாம் எல்லாரும் சேர்ந்து செய்யப்போகிறோமா? அவருக்கே செய்யப்போகிறோமா?

கூடாது. அவர் பெயர் அவர் அளந்ததன்மேல் மட்டுமே நிற்கட்டும். அறுபத்துநான்கு புதிய எண்கள் நிற்கட்டும். மீதி ஐம்பத்துமூன்று கட்டங்கள் வெறுமையாக அச்சேறட்டும். அந்த வெறுமை பொய்யைவிட அவருக்குப் பெருமை. அந்த ஐம்பத்துமூன்றையும் அளந்து முடிக்க ஆய்வகத் தோழர்கள் நால்வர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இலைகளை நறுக்க எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஜாடியிலும் நானே பெயர் எழுதுவேன். ஜாடியில்! மூடியில் அல்ல!

இறந்தவர் கையெழுத்திட்ட வரியை அடிக்க எனக்கு உரிமையில்லை. அடிக்க மாட்டேன். அதன் கீழே எழுதுவேன்: "மேற்கண்ட காரணத்தைப் பதிவாளர் ஏற்கவில்லை. மூடிகளை மாற்றியவன் நான்." அதற்கும் கீழே கையெழுத்து. தலைவர் அவர்களே, நான் புதிதாக எழுதுவதால் நீங்கள் மறுபடியும் ஒருமுறை ஒப்பமிட வேண்டியிருக்கும். அதுவும் விதிதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிரலில் அடுத்து 'இரண்டு நிமிட மௌனம்' என்று நானே தட்டச்சு செய்திருக்கிறேன். அதில் கலந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. நாற்பத்தொரு நாள் மௌனம் இருந்தாயிற்று. நீங்கள் எழுந்து நில்லுங்கள். படிவம் இரண்டாம் மாடியில், என் மேசையின் மேல் இழுப்பறையில் இருக்கிறது. நான் இப்போது அங்கே போகிறேன்.