பொட்டு வைத்த முகமூடிக்காரன்

“இருநூறு பக்கம் படிச்சேன்க்கா. ஒருத்தராவது அவனைச் சாப்பிட்டியான்னு கேக்கலைலா.”

எண்பதுகளில் ஒரு சரஸ்வதி பூசைக்கு மறுநாள். பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போகும் பெர்ரிப் படகில், எனக்கு முன் பெஞ்சில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இருவருக்கும் பிறை என்ற ஊரின் தொழிற்சாலை ஒன்றின் சீருடை.

“யாரை?” என்றார் கண்ணாடி போட்ட மூத்தவர்.

“உங்க முகமூடிக்காரனைத்தான். ஊரையே காப்பாத்துறான். வீட்டுக்கு வந்தா இருட்டுல தனியா நிக்கிறான். எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

“அந்தக் கதையே அதான்லா. நான் மூணு தடவ அழுதிருக்கேன். சரி, புக்கைக் குடு. சிங்கப்பூர்லேருந்து வரவழைச்சது. ஒரு கீறல் இருக்கக்கூடாது.”

இளையவள் பையைத் திறக்கத் தயங்கினாள். “கோவிச்சுக்காதீங்கக்கா. நேத்து அம்மா வீட்டுல இருந்த புத்தகத்தையெல்லாம் பூசைல அடுக்கிட்டாங்க. இதையும் சேர்த்து.”

“அதனால என்ன?”

தடித்த படக்கதைப் புத்தகம் வெளியே வந்தது. அட்டை முழுக்க மழையில் நிற்கும் வீரன். அவனுடைய நீல முகமூடியின் நெற்றியில் சந்தனமும் அதன் நடுவே குங்குமமும் காய்ந்திருந்தன.

கண்ணாடிக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கரை நெருங்க, பெர்ரி ஒருமுறை ஊதியது.

“ஈரத்துணியில துடைச்சா போயிரும்க்கா.” இளையவள் கைக்குட்டையை எடுத்தாள்.

அவர் புத்தகத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“கையை எடு. இப்பதான் யாரோ பெத்த பிள்ளை மாதிரி இருக்கான்.”